வில் செய்பவருக்கும் ஒரு பரிசு

ஆடி 17, 18 ஆகிய இரண்டு நாளும் கொல்லிமலையில் வல்வில் ஓரிக்கு அரசு விழா எடுக்கிறது. 70 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி மேலே போகிறவர்கள் செம்மேட்டில் ஓரியின் சிலைக்கு மாலை விழுவதையும், மலர்க் கண்காட்சியையும், கலைநிகழ்ச்சிகளையும் பார்த்துத் திரும்புகிறார்கள். விழாவையொட்டி வில்வித்தைப் போட்டியும் நடக்கிறது. ஒரு வில்லாளியின் பெயரால் நடக்கும் விழாவில் அம்பு எய்யும் போட்டி வைப்பது மிகவும் பொருத்தம். அதோடு இன்னொன்றும் சேர வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். மூங்கிலிலோ மரத்திலோ தன் கையாலேயே வில் செய்து, அந்த வில்லாலேயே எய்யும் பிள்ளைகளுக்கென்று அங்கே தனிப்போட்டி வேண்டும். அதற்கான வேலை மலைமேல் தொடங்க வேண்டியதில்லை. கீழே ஓமலூர், தாரமங்கலம், ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கத்து அரசுப் பள்ளிகளில் தொடங்கலாம். வில்லை எய்யக் கற்றுக்கொடுக்கும் முன் அதைச் செய்யக் கற்றுக்கொடுத்தால் விளையாட்டும் வளரும், படிப்பும் வளரும், ஓரியின் பெயருக்கும் பொருள் கூடும்.

ஓரியைப் பற்றி நமக்குத் தெரிந்தது பெரும்பாலும் சங்கப் பாடல்கள் வழியாகத்தான். புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் காட்டும் காட்சி தமிழ் படித்தவர்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. இது புலவர் வாக்கின் மிகை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அந்தப் பாட்டில் மிகைக்கு அப்பால் ஒரு செய்தி இருக்கிறது. பரிசில் தேடிக் காட்டுவழி போகும் பாணர் கூட்டம் அவனை அரசன் என்று தெரியாமல்தான் சந்திக்கிறது. மார்பில் ஆரம் இருப்பதைப் பார்த்து, இவன் கூலிக்கு வேட்டையாடுகிறவன் போலில்லையே என்று யோசிக்கிறது. அதாவது, புலவர் காட்டும் ஓரி அரியணையில் இருப்பவன் அல்லன். காட்டில் வில்லும் கையுமாக நடக்கிறவன். மலையமான் திருமுடிக்காரியோடு நடந்த போரில் அவன் மாண்டான், கொல்லி சேரர் கைக்குப் போனது. சிறுபாணாற்றுப்படை வள்ளல்கள் எழுவரில் ஒருவனாக அவனை வைத்தது. இத்தனையும் நூலில் நிலைத்துவிட்டது. அவன் வில் எந்த மரத்தில் ஆனது, எவ்வளவு நீளம், யார் செதுக்கியது என்பது மட்டும் எங்கும் இல்லை.

இல்லாமல் போனதற்குக் காரணம் எளிது. இரும்பு மண்ணுக்குள் கிடந்தாலும் துருப்பிடித்துக்கொண்டாவது இருக்கும்; மரத்தைக் கரையான் விடாது. ஆதிச்சநல்லூர் தாழிகளோடு இரும்பு அம்புமுனைகள் கிடைத்தன. அவற்றைச் செலுத்திய வில் கிடைக்கவில்லை. செங்கம், தருமபுரி வட்டார நடுகற்களில் ஒரு கையில் வில்லும் மறுகையில் வாளுமாக வீரர்கள் நிற்கிறார்கள். அது கல்லில் கண்ட உருவம், அளந்து பார்க்கக்கூடிய பொருள் அல்ல. ஓமலூருக்குப் பக்கத்திலேயே தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் வாலியை இராமன் எய்யும் சிற்பம் இருக்கிறது. இராமன் நிற்கும் இடத்திலிருந்து வாலி தெரிவான், வாலி இருக்கும் இடத்திலிருந்து இராமன் தெரியமாட்டான் என்று அங்கே வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்கள். இப்பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் காலத்துச் சிற்பி, மறைந்து எய்பவனின் பார்வைக்கோட்டை எவ்வளவு துல்லியமாகக் கணக்கிட்டிருக்கிறான்! கல்லில் வில்லைச் செதுக்கியவனின் திறமையை நாம் இன்றும் வியக்கிறோம். மரத்தில் வில்லைச் செதுக்கியவனின் திறமை அதற்கு இளைத்ததல்ல. அவன் வேலை மண்ணோடு போய்விட்டது, அவ்வளவுதான். அதைத் திரும்பப் பெற ஒரே வழி திரும்பச் செய்து பார்ப்பது.

செய்து பார்ப்பதற்கு வேண்டிய பொருள் எதுவும் வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. வில் எதனால் ஆகும் என்று கௌடில்யரின் அர்த்தசாத்திரம் ஒரு பட்டியல் தருகிறது: பனை, மூங்கில், மரம், கொம்பு. நாணுக்கு அது சொல்லும் நார்களில் மருளும் எருக்கும் சணலும் மூங்கில் நாரும் உண்டு, விலங்கின் தசைநாரும் உண்டு. கொம்பையும் தசைநாரையும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டு ஓமலூரிலிருந்து மேச்சேரி வரை ஒருமுறை சாலையோரமாகப் பார்த்துக்கொண்டே போகலாம். வரப்பில் பனை நிற்கிறது. தரிசில் எருக்கு பூத்துக் கிடக்கிறது. கிணற்றடியிலும் ஓடைக்கரையிலும் மூங்கில் புதர் அடர்ந்திருக்கிறது. அம்புக்குச் சரபங்கா ஆற்றோரத்து நாணலும் மெல்லிய மூங்கிலும் போதும். சேரர்க்குப் பனம்பூ அடையாளப் பூ, வில் அடையாளக் கொடி. கொங்குநாட்டின் பெரும்பகுதியை ஆண்ட ஒரு குடி பனையையும் வில்லையும் சேர்த்தே தன் சின்னமாக வைத்திருந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் கறுத்து வைரம் பாய்ந்த பனஞ்சிராயைக் கையில் வளைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தப் பொருத்தம் வியப்பாக இருக்காது.

வில் செய்யும் வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஏனென்றால் வாதம் முழுவதும் அதில்தான் நிற்கிறது. மூன்று நான்கு வயதான முற்றிய கல்மூங்கிலை மழை ஓய்ந்த பின் வெட்டுகிறார்கள். ஈரம் நிறைந்த காலத்தில் வெட்டினால் அதிலுள்ள மாவுச்சத்துக்கு வண்டு வந்து உளுத்துப்போகும் என்பது பழகிய கைகளுக்குத் தெரியும். நிழலில் மாதக்கணக்கில் உலர வேண்டும். பிறகு கொடுவாளை வைத்துத் தட்டிப் பிளக்க வேண்டும். ரம்பத்தால் அறுக்கக்கூடாது. ரம்பம் நேர்க்கோட்டில் போகும், நாரோ தன் போக்கில் வளைந்து போகும். அறுத்த இடத்தில் அறுபட்ட நார் வில்லை வளைக்கும்போது சிம்பு கிளம்பி, அங்கிருந்தே ஒடியும். பிளந்தால் பிளவு நாரோடு போகும். குளிர்நாடுகளின் வில் நூல்கள், மரத்தின் ஆண்டு வளையம் ஒன்றை முனைக்கு முனை அறுபடாமல் காக்கச் சொல்கின்றன. நம் வெப்பநாட்டு மரங்கள் பலவற்றில் வளையம் தெளிவாகத் தெரிவதில்லை. ஆகவே இங்கே செய்பவர் வளையத்தை விட்டுவிட்டு நாரைப் பின்தொடர வேண்டும். வெளிநாட்டுப் புத்தகத்தை அப்படியே பெயர்த்து வைத்தால் இந்த வேலை நடக்காது என்பதற்கு இது ஒன்றே போதும்.

பிளந்த மூங்கில் ஏறத்தாழ எய்பவரின் உயரம் இருந்தால் நல்லது. நடுவில் பிடிக்கு அகலமும் கனமும் விட்டு, இரு கைகளையும் முனை நோக்கிக் குறுக்கிக்கொண்டே போக வேண்டும். மூங்கிலின் வெளித்தோலில் நார் நெருக்கம். உள்ளே போகப் போகத் தளர்வு. வில் வளையும்போது வெளிப்புறம் இழுபடும், எய்பவரைப் பார்த்த உட்புறம் நசுங்கும். அதனால் இழுபடும் பக்கத்துக்குத் தோலை அப்படியே வைத்துவிட்டு உட்பக்கத்தை மட்டும் சுரண்ட வேண்டும். சுவரில் ஒரு முளை அடித்து, பிடியை அதில் தாங்கவிட்டு, நாணைக் கீழே இழுத்துத் தள்ளி நின்று பார்த்தால் இரு கைகளும் ஒரே மாதிரி வளைகின்றனவா என்று தெரியும். விறைத்து நிற்கும் இடத்தில் கரிக்கோடு போட்டு, அங்கே மட்டும் அரத்தால் சில இழுப்பு. மறுபடி மாட்டி, மறுபடி பார்க்க வேண்டும். கணு இருக்கும் இடம் தானாகவே விறைப்பு. கணுவுக்குப் பக்கத்தில் அவசரப்பட்டுச் சுரண்டினால் அந்த இடம் கீல் போலாகி ஒடியும். வளைக்காமலே நெடுங்காலம் கிடந்த மரத்தை ஒரே இழுப்பில் முழுக்க வளைத்தாலும் ஒடியும். மிதிலையில் வில் இற்ற கதையை வில் செய்பவர் கேட்டால், இராமன் கைவலிமையோடு அந்த மரம் பெட்டிக்குள் கிடந்த காலத்தையும் சேர்த்தே நினைப்பார்.

இதில் பள்ளிக்கூடம் எங்கே வருகிறது என்றால், இந்த இடத்தில்தான். ஒரு சட்டத்தின் அகலத்தை இருமடங்காக்கினால் அதன் விறைப்பும் இருமடங்காகும். கனத்தை இருமடங்காக்கினாலோ விறைப்பு எட்டு மடங்காகும். கனத்தின் முப்படிக்கு ஏற்ப விறைப்பு மாறுகிறது. ஆகவே கனத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே விறைப்பில் கால்வாசிக்கு மேல் போய்விடும். கரும்பலகையில் எழுதிக் காட்டினால் இது மனப்பாடமாகி, தேர்வோடு மறந்துபோகும். அரத்தை நான்கு முறை இழுக்க வேண்டிய இடத்தில் பத்து முறை இழுத்து, வில்லின் ஒரு கை தொய்ந்துபோனதைப் பார்த்த பிள்ளைக்கு அது மறக்காது. மீள்தன்மை, இழுவிசை, நிலையாற்றல் இயக்க ஆற்றலாவது என்று அறிவியல் பாடத்தில் தனித்தனியாகக் கிடப்பவை ஒரே பொருளில் கூடுகின்றன. அம்பிலும் பாடம் இருக்கிறது. கையால் செய்த வில்லில் அம்பு நடுக்கோட்டில் நிற்பதில்லை, பிடியின் ஓரமாகத்தான் நிற்கும். நாணை விட்டதும் அம்புத்தண்டு பாம்பு போல நெளிந்து பிடியைச் சுற்றிக்கொண்டுதான் நேராகிறது. தண்டு அளவுக்கு மேல் விறைத்தாலும் தப்பும், தளர்ந்தாலும் தப்பும். ஒவ்வொரு வில்லுக்கும் ஏற்ற அம்பைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கடையில் வாங்கிய வில்லோடு இந்தத் தேடல் வருவதில்லை. யாரோ தேடி முடித்துவிட்ட விடை மட்டும் வருகிறது.

துப்பாக்கி வந்தது, வில் போயிற்று என்று நாம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மை. வயநாட்டுக் குறிச்சியர் 1802 அக்டோபரில் பனமரம் கோட்டையைத் தாக்கிப் பிடித்தது வில்லும் அம்பும் கொண்டு. எதிரே இருந்தது துப்பாக்கி ஏந்திய கம்பெனிப் படை. தலக்கல் சந்து என்ற அவர்கள் தலைவனை 1805இல் கம்பெனி கொன்றது. வில்லை அரசு எவ்வளவு பொருட்படுத்தியது என்பதற்குச் சட்டப் புத்தகமே சாட்சி. 1878ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம், ஆயுதம் என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில் துப்பாக்கி, வாள், ஈட்டியோடு வில்லையும் அம்பையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. 1882இல் சென்னை மாகாண வனச் சட்டம் வந்தது. மலையும் காடும் ஒதுக்கப்பட்ட வனங்களாயின, மரம் வெட்டுவதும் வேட்டையாடுவதும் அரசின் அனுமதிக்குள் போயின. வில்லுக்கான மூங்கிலும், வில்லுக்கான வேலையும் ஒரே தலைமுறையில் எட்டாமல் போன பிறகு, கற்றுக்கொடுக்க அப்பனுக்கும் காரணமில்லை, கற்றுக்கொள்ளப் பிள்ளைக்கும் காரணமில்லை. ஆகவே இந்தக் கைவேலை காலாவதியானதால் செத்துப்போகவில்லை; அதற்கு வாய்ப்பு மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டதைத் திரும்பத் தருவதில் அரசுக்குப் பொறுப்பு உண்டு என்று நான் நினைப்பது இதனால்தான்.

இதற்கு முதல் மறுப்பு விளையாட்டுத் துறையிலிருந்தே வரும். ஒலிம்பிக்கில் 70 மீட்டர் தூரத்தில் கார்பன் கைகளும் குறிக்கருவியும் அதிர்வுத்தண்டும் பொருத்திய வில் நிற்கிறது. இந்தக் காலத்தில் மூங்கிலைக் கையில் கொடுத்துப் பிள்ளைகளைப் பின்னுக்கு இழுப்பதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் இந்தியாவின் சொந்த அனுபவத்திலேயே இருக்கிறது. நம் தேசியப் போட்டிகளில் 'இந்தியன் ரவுண்ட்' என்றே ஒரு பிரிவு உண்டு. குறிக்கருவி எதுவும் இல்லாத மூங்கில் வில்லோடு 30 மீட்டரிலும் 50 மீட்டரிலும் எய்கிறார்கள். ராஜஸ்தானத்துப் பழங்குடிக் குடும்பத்தில் மூங்கில் வில்லோடு வளர்ந்த லிம்பா ராமை 1987இல் இந்திய விளையாட்டு ஆணையம் தேர்வு செய்தது. அடுத்த ஆண்டே அவர் சியோல் ஒலிம்பிக்கில் நின்றார், பிறகு இன்னும் இரண்டு ஒலிம்பிக்குகள். ராஞ்சிக்குப் பக்கத்து ஆட்டோ ஓட்டுநரின் மகள் தீபிகா குமாரி முதலில் எய்தது மூங்கில் வில்லில். 2010இல் டெல்லி காமன்வெல்த் போட்டியில் இரண்டு தங்கம் வாங்கியபோது அவருக்கு 16 வயதுதான். போட்டித் தரமுள்ள ரிகர்வ் வில் ஒன்றை முழுச் சாமான்களோடு வாங்க லட்சங்களில் செலவாகும். நெசவுத்தறியும் வெள்ளிப்பட்டறையும் கூலிவேலையும் சோறு போடும் ஓமலூர், தாரமங்கலம் வீடுகளில் எத்தனை பேர் அந்தப் பணத்தைப் போட்டுத் தங்கள் பிள்ளைக்கு இதில் ஆர்வமுண்டா என்று சோதிப்பார்கள்? மூங்கில் வில் அந்தச் சோதனையைச் சில நூறு ரூபாய்க்குள் முடித்துவிடும். ஆயிரம் பிள்ளைகள் மூங்கிலில் எய்தால் அதில் யாருக்குக் கார்பன் வில் வாங்கித் தருவது என்று அரசுக்கும் தெரியும்.

இரண்டும் ஒரே நாட்டில் சேர்ந்து இருக்க முடியாது என்பதும் சரியல்ல. பூட்டான் 1971இல் வில்வித்தையைத் தேசிய விளையாட்டாக ஏற்றது. ஏறத்தாழ 145 மீட்டர் தூரத்தில் சின்னஞ்சிறு மரப்பலகையைக் குறிவைக்கும் அந்த ஆட்டத்தில் இன்று அமெரிக்காவில் செய்த கப்பி பொருத்திய வில்களும் வந்துவிட்டன. ஆனாலும் இரண்டு மூங்கில் துண்டுகளை நடுவில் பொருத்திச் செய்யும் பழைய வில்லுக்கென்று தனிப்போட்டிகளை அவர்கள் கைவிடவில்லை. தனிப்போட்டி இருப்பதால்தான் வில் செய்கிறவருக்கு அங்கே வேலை இருக்கிறது. இங்கே நான் கேட்பதும் அதையே.

இரண்டாவது மறுப்பு பெற்றோரிடமிருந்து வரும்: பிள்ளைகள் கையில் அம்பா, கண் போய்விடாதா? இந்த அச்சத்தைச் சிரித்து ஒதுக்கக்கூடாது. வேலிக்குச்சியை வளைத்து, துடைப்பக்குச்சியை அம்பாக்கி, தெருவில் விளையாடிக் கண்ணைக் காயப்படுத்திக்கொள்ளும் விபத்துகள் உண்மையிலேயே நடப்பவை. ஆனால் அந்த விபத்துகள் ஒழுங்கு சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத இடத்தில்தான் நடக்கின்றன. முறையான வில்வித்தைத் திடலில் எல்லாரும் ஒரே கோட்டில் நிற்பார்கள். இரண்டு விசில் அடித்தால் கோட்டுக்கு வரலாம், ஒரு விசிலுக்கு எய்யலாம், மூன்று விசில் கேட்ட பிறகே அம்பு பொறுக்கப் போகலாம். உலகம் முழுக்க இதுதான் விதி. பத்து வயதுப் பிள்ளைக்கு 15 பவுண்டு இழுவை போதும்; முனையில் ரப்பர் மாட்டிய அம்பும், பின்னால் வைக்கோல் போரோ மண்மேடோ இருந்தாலும் போதும். வில்லைத் தானே செய்த பிள்ளைக்கு அதன் ஆபத்தும் கூடுதலாகத் தெரியும். அம்பில்லாமல் நாணை இழுத்து விட்டால், அம்போடு போயிருக்க வேண்டிய விசை மரத்துக்கே திரும்பி வில்லை உடைக்கும். சிராய் முகத்தில் அடிக்கும். மாதக்கணக்கில் தேய்த்த வில்லை யாரும் அப்படிச் சும்மா சுண்டிப் பார்க்கமாட்டார்கள்.

வேட்டைக்கு வழி திறந்துவிடுமே என்பது வனத்துறையின் கவலையாக இருக்கும். சேர்வராயன் அடிவாரமும் தொப்பூர்க் கணவாயும் பக்கத்திலேயே இருக்கும்போது இந்தக் கவலைக்கு இடமுண்டு. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுப்பதோடு, ஆயுதம் என்ற சொல்லின் விளக்கத்திலேயே வில்லையும் அம்பையும் சேர்த்திருக்கிறது. சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் ஆயுதம் கொண்டுபோகக்கூடாது. இந்தச் சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதை வில் வகுப்பின் முதல் பாடமாகவே வைக்க வேண்டும் என்கிறேன். வில் என்றாலே கொலை என்ற நினைப்பும் முழுச் சரியல்ல. நீலகிரியின் தோடர்கள் எருமை மேய்ப்பவர்கள். இறைச்சி உண்ணாதவர்கள் என்று பெயர் பெற்றவர்கள். அவர்களிடம் மனைவி கருவுற்ற ஏழாம் மாத வாக்கில் கணவன் சிறு வில்லும் அம்பும் செய்து அவள் கையில் கொடுக்கும் சடங்கு உண்டு. அந்த வில்லை ஏற்ற பிறகே குழந்தைக்கு அவன் தந்தை என்று ஊர் ஒப்புக்கொள்ளும். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர் 1906இல் வெளியிட்ட தோடர் பற்றிய நூலில் இதை விரிவாகப் பதிந்திருக்கிறார். ஓர் உயிரையும் கொல்லாத வில்லுக்கு ஒரு சமூகத்தில் இவ்வளவு மதிப்பு. தெற்கே வில்லுப்பாட்டில் வில் இசைக்கருவியாகவே ஆகிவிட்டது.

மரத்தை வெட்டச் சொல்கிறீர்களா என்ற கேள்விக்குப் பதில் சுருக்கமானது. பனை நம் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு அறிவித்தது சரியான முடிவு. காற்றில் விழுந்த பனையிலிருந்து மட்டுமே சிராய் எடுக்க வேண்டும். மூங்கிலுக்கு அந்தச் சிக்கலே இல்லை. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரம் என்ற வரையறையிலிருந்து இந்திய வனச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது. உழவர் தன் வரப்பில் வளர்த்த மூங்கிலை வெட்டவும் விற்கவும் தடையில்லை. ஒரு கழியில் மூன்று நான்கு வில் வரும், வெட்டிய புதர் மறுபடி துளிர்க்கும்.

யார் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் எனக்கே கடினமாகத் தோன்றும் கேள்வி. உடற்கல்வி ஆசிரியருக்கு எய்யத் தெரிந்தாலும் செய்யத் தெரியாது. வில் செய்வதை முழுத்தொழிலாகக் கொண்டவர் சேலம் சமவெளியில் கிடைப்பது அரிது. ஆனால் வேலையின் பாகங்கள் ஏற்கெனவே தனித்தனிக் கைகளில் இருக்கின்றன. கூடை முடைகிறவருக்கு மூங்கிலின் வயதும் பிளப்பும் தெரியும். கலப்பைக்கும் வண்டிக்கும் வேலை செய்த ஆசாரிக்கு நார் ஓட்டமும் இழைப்பும் தெரியும். கயிறு திரிக்கிறவருக்கு நாண் தெரியும். இவர்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக் கூடையாலும் டிராக்டராலும் நைலான் கயிறாலும் வேலை குறைந்து நிற்பவர்கள். அரசுப் பள்ளிகளில் ஓவியத்துக்கும் தையலுக்கும் பகுதிநேர ஆசிரியர்களை வைத்த முன்னுதாரணம் நம்மிடம் இருக்கிறது. அதே வழியில் ஒரு பருவத்துக்குச் சனிக்கிழமைகளில் இவர்களைப் பள்ளிக்கு அழைத்து, மதிப்பூதியம் கொடுத்து, உடற்கல்வி ஆசிரியரோடும் அறிவியல் ஆசிரியரோடும் உட்காரவைக்கலாம். முதல் ஆண்டு வில்கள் நிறைய ஒடியும். ஒடிந்த வில்லை எறியாமல் வகுப்பில் தொங்கவிட்டு, எங்கே ஒடிந்தது, ஏன் ஒடிந்தது என்று எழுதி வைப்பது இந்தப் படிப்பின் பாதி. சான்றிதழ் இல்லாத கைவேலைக்காரரை ஆசிரியர் நாற்காலியில் உட்காரவைக்க நம் கல்வித்துறை தயங்கும். அந்தத் தயக்கம் உடைய வேண்டும் என்பது வில்லுக்காக மட்டும் நான் சொல்வதல்ல.

கடைசியாக, மன்னர் பெருமை பாடும் விழாக்களில் சலிப்புற்றவர்களின் மறுப்பு. ஓரி, காரி, பாரி என்று போரிட்டு மடிந்தவர்களைக் கொண்டாடி இன்று ஆவதென்ன, வில்லும் ஆதிக்கத்தின் கருவிதானே என்று அவர்கள் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை மதிக்கிறேன். ஏகலைவனின் கட்டைவிரலைக் கேட்டு வாங்கிய குருவின் பெயரில்தான் நாடு தன் சிறந்த பயிற்சியாளர்களுக்கு விருது தருகிறது. வில்வித்தையை யார் கற்கலாம், யார் கற்கக்கூடாது என்ற சண்டை அவ்வளவு பழையது. ஆனால் வில் மன்னர்களுக்கு முந்தியது. இலங்கையின் பாஹியன் குகையில் கிடைத்த எலும்பு முனைகள் சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முன் வில்லில் பொருத்தி எய்தவை என்று 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. மழைக்காட்டில் குரங்கும் அணிலும் தேடி வயிறு வளர்த்த மனிதர்களின் கருவி அது. அரசும் கோட்டையும் அதன்பின் எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் கழித்தே வந்தன. ஓரி விழாவில் சிலைக்கு மாலை போடுவது மட்டும் நடந்தால் அது மன்னர் விழா. கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை தான் செய்த வில்லோடு அங்கே போய் நின்றால் அது அந்தப் பிள்ளையின் விழாவும் ஆகும்.

போட்டிக்கு விதிகள் அதிகம் வேண்டாம். வில் மூங்கிலாகவோ மரமாகவோ இருக்க வேண்டும், நாண் இயற்கை நாரானால் கூடுதல் மதிப்பெண் தரலாம், குறிக்கருவி கூடாது. தூரம் சிறுவர்க்கு 15 மீட்டர், பெரியவர்க்கு 30 மீட்டர். ஆண், பெண் இருபாலர்க்கும் ஒரே திடல். எய்யத் தொடங்கும் முன் நடுவர்கள் ஒவ்வொரு வில்லையும் முளையில் மாட்டி, இழுத்துப் பார்த்து, இரு கைகளும் சீராக வளைகின்றனவா என்று தனி மதிப்பெண் போடட்டும்; அந்த நடுவர்களில் ஒருவர் கூடை முடைகிறவராகவும் ஒருவர் ஆசாரியாகவும் இருக்கட்டும். குறியில் தைத்த அம்புக்கும் வில்லின் வேலைப்பாட்டுக்கும் சரிபாதி மதிப்பெண். பிள்ளையால் முழுவதும் செய்ய முடியாமல் தாத்தாவோ பக்கத்து வீட்டு ஆசாரியோ உதவியிருந்தால் அவர் பெயரையும் சேர்த்து அறிவித்து, பரிசை இருவருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஆடிக்குள் வில் கையில் இருக்க வேண்டுமானால் மூங்கிலைத் தை மாதமே வெட்டி நிழலில் போட்டாக வேண்டும். ஆகவே மாவட்ட நிர்வாகம் அறிவிப்பைப் பொங்கலுக்கு முன்பே பள்ளிகளுக்கு அனுப்பிவிட வேண்டும்.